களைப்பே இல்லாத சைக்கிள்

ஐம்பத்தெட்டு வயதில் இரவல் சைக்கிள் மிதிக்க வேண்டி வரும் என்று கலியமூர்த்தியின் ஜாதகத்தைக் கணித்தவர்கூட நினைத்திருக்க மாட்டார். முப்பது வருஷம் போலீஸில் இருந்து, தலைமைக் காவலராக விருப்ப ஓய்வு பெற்று, மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்த மனிதர். திறந்த நாளிலிருந்து வந்ததெல்லாம் மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி விசாரிக்கிற வேலைதான். மாப்பிள்ளை குடிப்பானா என்று கண்டுபிடிக்க முழங்கால் தேவைப்பட்டதில்லை. இந்த வழக்குக்குத் தேவைப்பட்டது.

"சார், நீங்க மூச்சு வாங்குற சத்தத்துல போன் பேசுறது கேக்கல" என்றாள் மலர்கொடி.

அவள் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவளுடைய சைக்கிளின் கைப்பிடியில் ஒரு செல்போன், பழைய டியூப் துண்டால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. மூன்று வருஷமாக அவருடைய உதவியாளர். அதற்கு முன் செல்போன் ரிப்பேர் கடையில் இருந்தவள். கடை முதலாளியைக் கிண்டல் செய்ததால் வேலை போனது. கலியமூர்த்தியைக் கிண்டல் செய்தும் வேலை போகவில்லை. அவருக்குத் திட்டவும் அலுப்பாக இருந்ததுதான் காரணம்.

"இன்னும் எவ்ளோ தூரம்?"

"ஆறரை கிலோமீட்டர். நீங்க இதையே முந்நூறு மீட்டருக்கு முன்னாடியும் கேட்டீங்க."

சனிக்கிழமை மதியம் மூன்று மணி. வெயில் இன்னும் இறங்கவில்லை. அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோளை உரசுகிற மாதிரி கடந்தன. ஒவ்வொரு லாரிக்கும் கலியமூர்த்தி சைக்கிளை மண்ணில் இறக்கி, நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறினார். இந்த ரோட்டில் தினமும் ஷிப்டுக்கு சைக்கிளில் போகிறவர்கள் எப்படித்தான் முழுசாக வீடு திரும்புகிறார்களோ என்று அவருக்குத் தோன்றியது.

விஷயம் இதுதான். பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்ப் வேலை எடுத்திருக்கும் ஒரு காண்டிராக்டரின் ஸ்டோரில் புதன்கிழமை சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறுக்குள் செம்புக் கேபிள் சுருள் ஒன்று காணாமல் போனது. காவலாளி பார்த்தது ஒரு சைக்கிள் பக்கவாட்டில் கடந்ததைத்தான், ஆளின் முகத்தை இல்லை. 'கைப்பிடியில போன் கட்டியிருந்தது' என்றான். கைப்பிடியில் போன் என்றதும் அங்கே எல்லோர் வாயிலும் வந்த பெயர் கார்முகில். பதினோரு வருஷமாக அந்தக் காண்டிராக்டரிடம் வேலை பார்க்கிறவன். லீவு நாளெல்லாம் சைக்கிளில் சுற்றி, ரோடு ரோடாக வரைபடத்தில் ஏற்றுகிற பைத்தியம் அவனுக்கு. அவன் போனில் கூகுள் கிடையாது. அதைத் துடைத்துவிட்டு யாரும் இலவசமாக எடுத்துப் போட்டுக்கொள்ளக்கூடிய, உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கக்கூடிய வேறொரு மென்பொருளைப் போட்டிருந்தான். வரைபடமும் அப்படித்தான், ஊரில் இருக்கிறவர்களே வரைந்து, ஊரில் இருக்கிறவர்களே திருத்துவது. நெட் இல்லாமலே வழி சொல்லும். போன வழியையும் நிமிஷத்துக்கு நிமிஷம் குறித்து வைத்துக்கொள்ளும்.

காண்டிராக்டரின் மேனேஜர் ராமசாமி கலியமூர்த்திக்குப் பழைய பழக்கம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் கார்முகில் எங்கே இருந்தான் என்று காட்டாவிட்டால் கேட் பாஸைத் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டார். பாஸ் போனால், காண்டிராக்ட் ஆட்களை நிரந்தரமாக்குகிற சீனியாரிட்டி லிஸ்டில் இருக்கிற பெயரும் போகும். பதினோரு வருஷக் காத்திருப்பு ஒரே கோட்டில் அடிபட்டுவிடும். 'நீங்க விசாரிச்சுக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா நான் ஏத்துக்கறேன்' என்றும் ராமசாமி சொல்லியிருந்தார்.

நேற்றுக் காலை கார்முகிலின் அக்கா புவனா ஒரு பென் டிரைவோடு மாடி ஏறி வந்தாள். அதில் புதன்கிழமை சாயங்காலப் பயணம் இருந்தது. நாலே முக்காலுக்கு மந்தாரக்குப்பத்தில் கிளம்பி, கம்மாபுரம் பக்கம் போய், ஆறேகாலுக்கு வீடு. கேபிள் போன நேரத்தில் ஸ்டோருக்குப் பல கிலோமீட்டர் தள்ளி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் இந்நேரம் கலியமூர்த்தி மின்விசிறிக்குக் கீழே படுத்திருப்பார். ஆனால் நேரில் பார்க்காத இடத்துக்கு அவர் கையெழுத்துப் போட்டதில்லை. அந்தப் பழக்கம்தான் இப்போது முழங்காலில் குத்திக்கொண்டிருந்தது. மலர்கொடி அந்தப் பயணத்தைத் தன் போனில் ஏற்றியிருந்தாள்; போன் அதே வழியைச் சொல்லிக்கொண்டே வந்தது.

"இருநூறு மீட்டரில் இடப்பக்கம் திரும்பவும்" என்றது போன்.

"டீக்கடை இருக்கு. அங்க திரும்புவோம்" என்றார் கலியமூர்த்தி.

பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். டீ வந்தது. மலர்கொடி போனைக் கழற்றிக் கையில் வைத்து விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"மலரு, கிளம்புனதுலேருந்து நான் எத்தினி தடவ நின்னேன்?"

"லாரிக்கு ஒம்போது. தண்ணிக்கு ரெண்டு. சும்மா ஒண்ணு."

"அந்தப் பையன் எத்தினி தடவ நின்னான்?"

அவள் பார்த்தாள். புருவம் ஏறியது. "நிக்கவே இல்ல சார்."

"சரி, சின்ன வயசு. அந்த மண்மேட்டுக்கிட்ட ரோடு ஏறுச்சே, நான் இறங்கித் தள்ளுனேன். அங்க அவன் என்னா வேகம்?"

"பதினஞ்சு."

"ஏத்தம் முடிஞ்சு இறக்கத்துல?"

"பதினஞ்சு."

"இந்த டீக்கடையத் தாண்டுறப்ப?"

"அதே பதினஞ்சு. சார், இவரு கார்முகில் இல்ல, கன்வேயர் பெல்ட்டு."

கலியமூர்த்தி சிரிக்கவில்லை. டீயை ஊதிக் குடித்தார். முப்பது வருஷத்தில் எத்தனையோ பேர் அவரிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள். உண்மை சொல்கிறவன் நடுவில் இருமுவான், எதையாவது மறந்துவிட்டுத் திரும்பி வருவான். பொய்தான் மூச்சு விடாமல் வரும். இந்தப் பயணமும் மூச்சு விடாமல் ஓடியிருந்தது. அவருக்கு மனசு சலித்துப் போனது. அந்தப் பெண் புவனா நேற்று மாடிப்படியில் கையெடுத்துக் கும்பிட்டது ஞாபகம் வந்தது.

"மிச்சத்தையும் பாத்துடுவோம்" என்று எழுந்தார்.

இடப்பக்கம் திரும்பினார்கள். ரோடு குறுகியது, லாரிகள் நின்றன, காற்றில் ஈர மண்ணும் கரியும் கலந்த வாடை வந்தது. ஒன்றரை கிலோமீட்டர் போனதும் தார் உடைந்து, பிறகு செம்மண் ஆகி, பிறகு ஒரு கம்பிவேலியில் போய் முட்டியது. தகரப் பலகையில் உள்ளே நுழையக் கூடாது என்று எழுதியிருந்தது.

"நேராகச் செல்லவும்" என்றது போன்.

வேலிக்கு அந்தப் பக்கம் நேராகப் போனால் பாதாளம். படிப்படியாக வெட்டிய மண்சுவர், அடியில் கறுப்பாகக் கரி, தூரத்தில் ராட்சசச் சக்கரம் சுற்றி மண்ணை வாரிக்கொண்டிருந்த இயந்திரம். கலியமூர்த்தி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நேராகச் செல்லவும்."

"அத நிறுத்து. அது நம்மள பரலோகத்துக்கு அனுப்பிட்டுத்தான் ஓயும் போலருக்கு."

மலர்கொடி நிறுத்தினாள். "காலைல பாக்குறப்பவே கோடு வெறும் இடத்துல ஓடிச்சு சார். என் போன்ல இருக்கறது நேத்து ராத்திரி இறக்குன வரைபடம். அதுல இந்த இடத்துல ரோடே இல்ல. யாரும் இன்னும் வரையலன்னு நெனச்சேன்."

"வரையலையா, அழிச்சிட்டாங்களா?"

அவள் ஒரு நொடி அவரைப் பார்த்தாள். பிறகு வேலி ஓரக் கல்லில் உட்கார்ந்து நெட்டை இணைத்தாள். இந்த வரைபடத்தில் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்பது எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். இரண்டு நிமிஷம் தேடினாள். பிறகு போனை நீட்டினாள்.

எட்டு மாதத்துக்கு முன் அந்த ரோட்டை ஒருவர் வரைபடத்திலிருந்து எடுத்திருந்தார். காரணம் என்ற இடத்தில் தமிழில் ஒரு வரி: 'சுரங்கம் வந்துவிட்டது. ரோடு இல்லை. சைக்கிளில் வராதீர்கள், ஆபத்து.' எடுத்தவர் பெயர் கார்முகில்.

"ரோடு இல்லன்னு ஊருக்கே சொன்னவன், அதே ரோட்டுல புதன்கிழமை போனானா?" என்றார் கலியமூர்த்தி.

"பதினஞ்சு கிலோமீட்டர் வேகத்துல. அதுவும் ஆகாசத்துல."

"அப்ப இந்தப் பயணத்த வரைஞ்சது அவன் இல்ல. ரோடு போனது தெரியாத ஆளு. பழைய வரைபடம் வச்சிகினு இருக்கற ஆளு."

"நெட்டு போடாம வச்சிருந்தா வரைபடம் பழசாவே கெடக்கும் சார். செத்த ரோடெல்லாம் உசிரோட இருக்கும்." மலர்கொடி நிறுத்தினாள். "புவனாக்கா கையில இருந்த போனு தம்பியோட பழைய போனு. முனை உடைஞ்சது. நேத்து நான்தான் கேட்டேன், 'தம்பி கீழ போட்டு ஒடச்சிட்டுத் தூக்கிப் போட்டதுங்க'ன்னாங்க. அப்புறம் அவங்க வேலை கம்ப்யூட்டர் டைப்பிங் கடையில."

கலியமூர்த்தி தலையாட்டினார். ஒரு வழக்கு முடிந்த சந்தோஷம் அவர் முகத்தில் துளியும் இல்லை. தம்பியைக் காப்பாற்ற அக்கா செய்த காரியம், அவனை முழுத் திருடனாக்கி நிறுத்திவிட்டது. இந்தப் பயணத்தைக் காகிதத்தில் போட்டு ராமசாமியிடம் கொடுத்தால், சுரங்கத்தில் இருபது வருஷம் இருக்கிற அவர் ஒரே பார்வையில் அந்த ரோடு இல்லை என்று கண்டுபிடித்துவிடுவார்.

"திரும்பிப் போவலாமா சார்?"

"வேற வழி? இந்தப் பக்கம் ரோடுதான் இல்லையே."

புவனாவின் வீடு மந்தாரக்குப்பத்தில் ஒரு சந்தின் கடைசியில், இரண்டு அறை வாடகை வீடு. புருஷன் பழனிவேல், தம்பி கார்முகில், அவள், மூன்று பேரும் அங்கேதான். பழனிவேலும் சுரங்கத்தில் காண்டிராக்ட் தொழிலாளிதான். போய்ச் சேரும்போது மணி ஐந்தரை. கலியமூர்த்தி சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். அங்கே ஏற்கெனவே இரண்டு சைக்கிள்கள் நின்றன. ஒன்றின் கைப்பிடியில் டியூப் துண்டு தொங்கியது. இன்னொன்றின் முன்சக்கரம் எட்டுப் போல வளைந்திருந்தது. செயின் காப்பில் கரித்தூளும் களிமண்ணும் காய்ந்து ஒட்டியிருந்தன. மலர்கொடி குனிந்து அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

உள்ளே முன்னறையிலேயே கட்டில். அதில் பழனிவேல் இடது காலில் மூங்கில் பத்தை வைத்த நாட்டு வைத்தியக் கட்டோடு படுத்திருந்தார். நாற்பதுக்குள் இருக்கும், மூன்று நாள் தாடி. கார்முகில் தரையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். புவனா பதறிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா சார்?"

"தண்ணி குடும்மா மொதல்ல."

குடித்தார். சொம்பைக் கீழே வைத்தார். சுற்றி வளைக்க அவருக்குத் தெம்பு இல்லை.

"அந்த ரோடு இப்ப இல்லம்மா. சுரங்கத்துக்குள்ள போயி எட்டு மாசம் ஆவுது."

புவனாவின் முகம் வெளிறியது. அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். அவனுக்கு அப்போதுதான் விஷயமே தெரிகிறது என்பது கலியமூர்த்திக்குப் புரிந்தது.

"என்னாக்கா பண்ணின?"

"நீ வாயத் தொறக்கல. எங்க போனன்னு கேட்டா சும்மா சுத்திகினு இருந்தேன்ற. போன்ல பாக்கலாம்னா அந்த ஒரு நாள மட்டும் அழிச்சி வச்சிகினு இருக்க. நான் என்னாடா பண்ணுவேன்?" அவள் குரல் உடைந்தது. "நாம அந்த ஊர்ல இருந்தப்போ போன ரோடுதானேன்னு வரைஞ்சேன். கடையில உக்காந்து நேரத்தச் சேத்தேன். அந்தப் பக்கம் நான் போயி எத்தினி வருசமாச்சு, ரோடு போனது எனக்கு என்னா தெரியும்? நான் செஞ்சது தப்புதான் சார். ஆனா என் தம்பி திருடல."

"திருடலன்னு எனக்கும் தெரியும்" என்றார் கலியமூர்த்தி. "திருடனா இருந்தா இந்நேரம் நாலு கதை சொல்லியிருப்பான். இவன் ஒரு கதையும் சொல்லல. ஒளிக்கறது அவனோடது இல்ல." கார்முகிலிடம் திரும்பினார். "புதன்கிழமை சாயங்காலம் அஞ்சுலேருந்து ஆறு வரைக்கும் எங்க இருந்தப்பா?"

"சும்மா சுத்திகினு இருந்தேன் சார்."

"சரி." பழனிவேலைப் பார்த்தார். "காலுக்கு என்னா ஆச்சுங்க?"

"பாத்ரூம்ல வழுக்கிடுச்சி" என்றாள் புவனா. "அதே புதன்கிழமைதான். நான் கடையில இருந்தேன். பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்னா வேணாம்னுட்டாரு, கட்டு கட்டிகினா போதும்னு. எல்லாக் கஷ்டமும் ஒரே நாள்ல வந்துச்சி சார் எங்களுக்கு."

மலர்கொடி வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். நகத்தில் இருந்த கரியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "பாத்ரூமுக்கு சைக்கிளையும் கூட்டிகினு போனாரா அக்கா? அதுக்கும் முன்கால் உடைஞ்சிருக்கு."

புவனா வாசலைப் பார்த்தாள். மூன்று நாளாக அந்தச் சைக்கிளைத் தாண்டித்தான் வேலைக்குப் போய் வந்திருக்கிறாள். தலைக்குள் தம்பியின் வழக்கு மட்டுமே ஓடியதால் அது கண்ணில் பட்டும் படவில்லை. இப்போது மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படிக் கரியும் களிமண்ணும் சேர்ந்து ஒட்டுவது சுரங்கத்தின் கன்வேயர் பெல்ட் ஓடுகிற ஓரத்தில்தான். சுரங்கத்தின் ஒவ்வொரு கேட்டிலும் எழுதி வைத்திருப்பதுதான். கன்வேயர் ஓரம் தடை செய்த பகுதி. வேலை இல்லாமல் அங்கே நுழைந்தால் கேட் பாஸ் ரத்து. ஆஸ்பத்திரிக்குப் போனால் எங்கே விழுந்தாய் என்று எழுதுவார்கள். எழுதினால் விசாரணை வரும். கலியமூர்த்தி இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த வீட்டில் இருக்கிற எல்லோரும் சுரங்கத்துச் சோறு தின்கிறவர்கள், சொல்லத் தேவையில்லை.

"மாமாவ விட்ருங்க சார்" என்றான் கார்முகில். "லாரி ரோட்ல போக பயந்துகினுதான் நாலஞ்சு பேரு கன்வேயர் ஓரமா போறாங்க. நான் அத வரைபடத்துல ஏத்துனதே இல்ல. அவங்கவங்க போன்ல மட்டும் போட்டுக் குடுத்தேன். மாமாவுக்கு பதினாலு வருசம் சர்வீஸ். இந்த லிஸ்டுல மாமா பேரு வருது. எனக்கு இன்னும் எத்தினி வருசம் ஆவுமோ. திங்கக்கிழம நான் பாஸக் குடுத்துட்றேன். சைக்கிள் இருக்கு, வழி தெரியும், எதனா டெலிவரி வேலைக்குப் போறேன்."

"திருடன்ற பேரோடயா?" என்றார் கலியமூர்த்தி.

கார்முகில் பழனிவேலின் காலில் இருந்த கட்டைப் பார்த்தான்.

புவனா தரையில் உட்கார்ந்துவிட்டாள். தம்பியைக் காப்பாற்ற ஓடிய ஓட்டம் புருஷனின் கழுத்தில் வந்து நின்றிருந்தது. ஒரு பக்கம் பதினோரு வருஷம், இன்னொரு பக்கம் பதினாலு. யாரை விடுவது என்று அவளால் சொல்ல முடியவில்லை. யாரும் அவளைக் கேட்கவும் இல்லை. "நான் குடுத்ததையே எழுதிக்கோங்க சார்" என்றாள் கடைசியில். "யாரு போயிப் பாக்கப் போறாங்க?"

"நான் போயிப் பாத்துட்டேனேம்மா."

அதைச் சொல்வதற்கு அவருக்குக் கஷ்டமாக இருந்தது. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தார். கையெழுத்து இல்லை, அறிக்கை இல்லை, முடியவில்லை என்று ராமசாமிக்குச் சொல்லிவிடலாம். நாற்காலியின் கையைப் பிடித்து எழப் பார்த்தார். முழங்கால் நிமிரவில்லை.

"எம் பக்கத்துல இருந்தான் சார்."

கட்டிலிலிருந்து வந்த குரல் கரகரத்தது. பழனிவேல் இன்னும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம் மாமா" என்றான் கார்முகில்.

"நீ சும்மா இரு. மூணு நாளா இந்த வூட்டுக்குள்ள கேபிள் பேச்சே ஓடுது. ஒவ்வொரு தடவையும் உங்கக்கா அழுவுறா. நான் போர்வைய இழுத்து மூடிகினு படுத்துகினு இருக்கேன்." கலியமூர்த்தி பக்கம் முகத்தைத் திருப்பினார். "கன்வேயர் ஓரமா வர்றப்ப சேறு வழுக்கி, கால்வாயில விழுந்துட்டேன் சார். எந்திரிக்க முடியல. இவனுக்குத்தான் போன் போட்டேன். நான் இருந்த இடத்த அந்த வரைபடத்துல குறிச்சி அனுப்புனேன். அத வச்சிகினே நேரா வந்துட்டான். என்னைக் கேரியர்ல உக்கார வச்சி, என் சைக்கிளத் தோள்ல மாட்டிகினு, ஒரு மணி நேரம் தள்ளிகினே வந்தான். அஞ்சு மணிக்கே வந்தவன், வூடு வந்து சேர ஆறே கால். அந்த ஒரு மணி நேரமும் அவன் எங்கயும் போவல."

"இத எழுதுனா என்னா ஆவும்னு தெரியுமாங்க?" கலியமூர்த்தி நிதானமாகக் கேட்டார். "கார்முகில் உள்ள போனது அடிபட்ட ஆளத் தூக்க. அதுக்கு ராமசாமிகிட்ட நான் பேசிடுவேன். உங்களுக்குப் பேச முடியாதுங்க."

"தெரியும் சார். எழுதுங்க."

மலர்கொடியிடம் அப்போது சொல்லக் கிண்டல் எதுவும் இல்லை. பையிலிருந்து வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்துக் கொடுத்தாள். கலியமூர்த்தி தாளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். தேதி, இடம், நேரம் எழுதினார். பழனிவேல் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதினார். கார்முகில் முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டான்.

"முழுப் பேரு?"

சொன்னார்.

"பாஸ் நம்பர்?"

பதினாலு வருஷமாகத் தினமும் கேட்டில் ஒப்பிக்கிற நம்பர். பழனிவேல் முதல் மூன்று எண்களைச் சொன்னார். நாலாவது வரவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அதே இடத்தில் நின்றார். கலியமூர்த்தி பேனாவை எடுக்காமல் காத்திருந்தார்.

புவனா எழுந்தாள். கண்ணைத் துடைக்கவில்லை. ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையின் பையில் கை விட்டு, பிளாஸ்டிக் உறை போட்ட அந்தப் பாஸை எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டு, மிச்ச எண்களை ஒவ்வொன்றாக, அவர் எழுதுகிற வேகத்துக்குப் படித்தாள்.